பிடித்துவிட்டால் வலி போய்விடுமா?



பள்ளிக் குறுக்கோட்டம் முடிந்த மறுநாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஓடிய அன்று பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, தூங்கியிருப்பீர்கள். மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போதுதான் தொடை இறுகிக் கிடப்பது தெரியும். படிக்கட்டில் ஏறுவதுகூடப் பரவாயில்லை, இறங்குவதுதான் பெரும்பாடு. என் வகுப்பறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஓய்வு நேர மணி அடித்ததும், மாணவர்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நண்டு போலப் பக்கவாட்டில் இறங்குவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

அப்போது யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது டீச்சர். நன்றாகப் பிடித்துவிட்டால் வெளியேறிவிடும்."

பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும் என்பது சரிதான். ஆனால், அதற்குச் சொல்லப்படும் காரணம் தவறு. 'காரணம் தவறாக இருந்தால் என்ன, வலி குறைந்தால் போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். போதாது. மசாஜ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான், எப்போது மசாஜ் செய்யவே கூடாது என்பதும் தெரியும். அதை நான் 13 வயதில் என் சொந்தக் கணுக்காலில் படித்தேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் லாக்டிக் அமிலத்தைப் பார்ப்போம்.

லாக்டிக் அமிலத்தின் மேல் விழுந்த பழி

1907ஆம் ஆண்டில் வால்டர் பிளெட்சர், பிரெடெரிக் ஹாப்கின்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தவளையின் தசைகளை ஆராய்ந்தார்கள். களைத்துப் போன தசையில் லாக்டிக் அமிலம் கூடியிருப்பதைக் கண்டார்கள். அன்றிலிருந்து களைப்புக்கும் தசை வலிக்கும் அந்த அமிலமே காரணம் என்ற எண்ணம் மெல்லப் பரவிவிட்டது. விளையாட்டுத் திடலில் இன்றும் அதைக் கேட்கலாம்.

உண்மை என்ன? வேகமாக ஓடும்போது, தசை ஆக்சிஜனை அவ்வளவாக நம்பாமல் குளுக்கோஸை விரைவாக உடைக்கிறது. அப்போது லாக்டேட் உண்டாகிறது. அது கழிவு அல்ல, எரிபொருள். இதயமும் மற்றத் தசைகளும் அதை எடுத்துப் பயன்படுத்துகின்றன. கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோஸாக மாற்றுகிறது. ஓட்டத்தை நிறுத்திய ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் லாக்டேட்டின் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். அப்படியென்றால், மறுநாள் காலையில் நீங்கள் நண்டு நடை நடக்கும்போது, வெளியேற்ற அங்கே எதுவும் மிச்சமில்லை!

சரி, ஓடி முடித்த உடனேயே மசாஜ் செய்தால் லாக்டேட் சீக்கிரம் வெளியேறுமா? கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, 2010ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். 12 பேர் கையை இறுக்கிப் பிடிக்கும் கடும் பயிற்சியைச் செய்தார்கள். பின்னர் முன்கைக்கு மசாஜ் கொடுக்கப்பட்டது. எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, மசாஜ் செய்தபோது தசைக்கு ஓடும் இரத்தம் குறைந்தது. அமிலம் வெளியேறுவதும் தாமதமானது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கையால் அமுக்கினால் தண்ணீர் கூடுமா, குறையுமா? அழுத்தும் ஒவ்வொரு முறையும் இரத்தக் குழாய்களுக்கும் அதுதான் நடக்கிறது. ஓடி முடித்ததும் படுத்துவிடாமல் மெதுவாக நடப்பது லாக்டேட்டைக் குறைக்க நல்ல வழி.

அப்படியானால் மறுநாள் வலி எதனால்?

1902ஆம் ஆண்டிலேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ஒரு விடை சொன்னார். பழக்கமில்லாத வேலை செய்த தசைக்குள்ளே நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன என்றார். பிற்கால ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கமே நின்றன.

குறிப்பாக, தசை நீண்டுகொண்டே விசை கொடுக்கும்போது இழைகளுக்குச் சேதம் அதிகம். மேட்டிலிருந்து கீழே ஓடும்போதும், படிக்கட்டில் இறங்கும்போதும் உங்கள் முன்தொடைத் தசை அப்படித்தான் வேலை செய்கிறது. உடம்பின் எடையைத் தாங்கிப் பிரேக் போடும் வேலை அது. சேதமான இழைகளைச் சீர்செய்ய உடல் அழற்சியைத் தொடங்குகிறது. அங்குள்ள வலி உணர்விகள் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருகின்றன. இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அதனால்தான் வலி உடனே வராமல், பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடுகிறது. பிறகு தானாகவே அடங்கிவிடும். தசையும் முன்பைவிடக் கொஞ்சம் உறுதியாகிவிடும்.

மசாஜ் உண்மையில் என்ன செய்கிறது?

நம் வீடுகளில் பிடித்துவிடுவது, நீவிவிடுவது, உருவிவிடுவது, அமுக்குவது, தட்டிக்கொடுப்பது என்று எத்தனை சொற்கள் இருக்கின்றன! பயிற்சி பெற்ற மசாஜ் நிபுணர்களும் ஏறக்குறைய இவற்றைத்தான் முறைப்படி செய்கிறார்கள். நீண்ட நீவல், மாவு பிசைவது போன்ற பிசைவு, ஒரே இடத்தில் ஆழ்ந்த தேய்ப்பு, தட்டல் என நுட்பங்கள் பிரியும். போட்டிக்கு முன்னும் பின்னும் விளையாட்டாளர்களின் தேவைக்கேற்பச் செய்வது விளையாட்டு மசாஜ். குறிப்பிட்ட ஒரு வலியையோ இறுக்கத்தையோ சோதித்துப் பார்த்து, அதற்கென்றே திட்டமிட்டுச் செய்வது சிகிச்சை மசாஜ்.

இவற்றின் பலன் முதலில் தெரிவது தசையில் அல்ல, நரம்பு மண்டலத்தில்.

முழங்கையை மேசையில் இடித்துக்கொண்டால் உங்கள் கை உடனே எங்கே போகிறது? இடித்த இடத்தைத் தேய்க்கப் போகிறது. யாரும் சொல்லித் தரவில்லை, இல்லையா? 1965ஆம் ஆண்டில் ரோனல்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தண்டுவடத்தில் ஒரு வாயில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். வலிச் செய்தி அந்த வாயில் வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. தொடுதல், அழுத்தம் ஆகிய செய்திகள் தடித்த நரம்பிழைகளில் விரைவாக வந்து அந்த வாயிலைப் பாதி சாத்திவிடுகின்றன. வலிச் செய்தியில் ஒரு பகுதி வெளியிலேயே நின்றுவிடுகிறது. இதற்கு 'வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு' என்று பெயர். பின்னர் இதில் பல திருத்தங்கள் வந்தாலும் அடிப்படைக் கருத்து இன்றும் பயன்படுகிறது. இதோடு, பாதுகாப்பான ஒரு கை நம்மை நிதானமாகத் தொடும்போது மனமும் தளர்கிறது. பதற்றம் குறைந்தால் வலியும் குறைவாகவே தெரியும்.

தசைக்குள் எதுவுமே நடப்பதில்லையா? நடக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைத்துப் போகும்வரை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். பின்னர் ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் கொடுத்தார்கள். இரு தொடைகளிலிருந்தும் சிறு தசைத் துணுக்குகளை எடுத்து ஒப்பிட்டார்கள். 2012ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, மசாஜ் பெற்ற காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைவாக இருந்தன. லாக்டேட்டின் அளவில் மட்டும் வேறுபாடு இல்லை. ஆய்வு சிறியது என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு கேள்வி: மசாஜ் செய்துகொண்டால் வேகமாக ஓட முடியுமா? பிரிட்டனின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 29 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் மொத்தம் 1,012 பேர் பங்கேற்றிருந்தனர். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது: வலிமை, தாண்டுதல், விரைவோட்டம், தாக்குப்பிடிக்கும் ஆற்றல் எதையும் மசாஜ் கூட்டியதற்குச் சான்று இல்லை. நெகிழ்வுத்தன்மை சற்றுக் கூடியது. மறுநாள் வலி சற்றுக் குறைந்தது.

ஆக, மசாஜ் மந்திரமும் இல்லை; வெறும் ஏமாற்றும் இல்லை. வலியைக் கொஞ்சம் குறைத்து, உடலைத் தளர்த்தும் ஓர் எளிய உதவி.

தைலம் குளிர்வது எப்படி?

மசாஜ் என்றதும் உங்கள் மூக்கில் தைல வாசனை வந்திருக்கும். தைலம் தேய்த்த இடம் ஜில்லென்று இருக்கிறதே, அங்கே வெப்பநிலை உண்மையில் அவ்வளவு இறங்கிவிட்டதா? இல்லை. தைலத்திலுள்ள மெந்தால், தோலில் குளிரை உணரும் உணர்வியைத் தூண்டிவிடுகிறது. மூளை 'குளிர்' என்று நம்பிவிடுகிறது. இந்த உணர்வியை டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் ஆகிய இரு அறிவியலாளர்களும் தனித்தனியே, மெந்தாலைக் கொண்டே கண்டறிந்தார்கள். வெப்பம், தொடுதல் ஆகியவற்றை உணரும் உணர்விகளைக் கண்டறிந்ததற்காக இருவரும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நம் வீட்டு அலமாரியில் உள்ள சின்னக் கண்ணாடிப் புட்டிக்குள் எவ்வளவு அறிவியல், பாருங்கள்! ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: தைலம் வலியை மறைக்குமே தவிர, காயத்தை ஆற்றாது.

என் கணுக்கால் கதை

நான் படிவம் 1இல் படித்தபோது பள்ளியின் வலைப்பந்துக் குழுவில் இருந்தேன். மாவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. பயிற்சியின்போது பந்தைப் பிடிக்கத் தாவி, இன்னொருத்தியின் காலணி மீது இறங்கினேன். கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது. என்னால் காலை ஊன்றவே முடியவில்லை.

அன்று மாலை பாட்டி என்னைப் பக்கத்து வரிசையில் இருந்த ஒரு மூதாட்டியிடம் அழைத்துப் போனார். சுளுக்கு எடுப்பதில் பேர் போனவர். பாட்டியின் தோள் வலியை அவர்தான் குணப்படுத்தியிருந்தார். "நரம்பு பிசகிப் போச்சு, இழுத்து உட்கார வெச்சிட்டா நாளைக்கே ஓடுவா" என்றார். எண்ணெய் போட்டு அழுத்தி உருவி, பாதத்தைப் பிடித்து இழுத்தார். நான் கத்தினேன். "கத்தினாத்தான் சரியாகும்" என்றார்கள். இரவில் கால் இரண்டு மடங்கு வீங்கி, நீலம் பாரித்துவிட்டது. இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று மறுநாளும் உருவினார்கள். மூன்றாம் நாள்தான் மருத்துவமனைக்குப் போனோம்.

எக்ஸ்ரே படத்தில், வெளிக்கணுக்கால் எலும்பின் வளர்ச்சித் தட்டில் விரிசல் தெரிந்தது.

வளர்ச்சித் தட்டு என்பது, வளரும் வயதில் எலும்பின் முனையருகே இருக்கும் குருத்தெலும்புப் பகுதி. எலும்பு நீள்வது அங்கேதான். உங்கள் வயதில், மூட்டைக் கட்டி வைத்திருக்கும் நார்களைவிட அந்தத் தட்டு பலவீனமாக இருக்கலாம். பெரியவர்களுக்கு வெறும் சுளுக்காகப் போகும் அடி, உங்களுக்கு எலும்பு விரிசலாகிவிடக்கூடும்.

என் எலும்பில் விரிசல் விழுந்தது திடலில்தான். அந்த மூதாட்டியின் கையால் அல்ல. ஆனால், விரிசல் விட்ட எலும்பை இரண்டு நாள் இழுத்து உருவினோம், சிகிச்சையைத் தள்ளிப்போட்டோம். மாவுக்கட்டோடு பல வாரம் இருந்தேன். மாவட்டப் போட்டியைத் திடலுக்கு வெளியே உட்கார்ந்துதான் பார்த்தேன். என்னைவிட அதிகமாக அழுதது பாட்டிதான். அந்த மூதாட்டி மீது எனக்குக் கோபம் இல்லை. பாட்டியின் தோளுக்கு ஏற்றதாக இருந்த அதே கை, என் கணுக்காலுக்கு ஏற்றதாக இல்லை. அவ்வளவுதான்.

'நரம்பு' என்ற ஒரே சொல்

"நரம்பு பிசகிவிட்டது" என்று நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். பேச்சுத் தமிழில் நரம்பு என்றால் எல்லாமே அடங்கிவிடும். கையில் பச்சையாகத் தெரியும் இரத்தக் குழாயும் நரம்பு. குதிகாலுக்கு மேல் கயிறு போல இருப்பதும் நரம்பு. மலாய் மொழியின் 'ஊராட்' என்ற சொல்லும் இப்படித்தான். படிவம் 4 உயிரியலில் இவற்றைத் தனித்தனியாகப் படிப்பீர்கள். மூளையின் செய்தியைக் கொண்டுசெல்வது நரம்பு. தசையை எலும்போடு இணைப்பது டெண்டன் என்னும் தசைநாண். எலும்பை எலும்போடு கட்டுவது லிகமென்ட் என்னும் மூட்டு நார்.

கணுக்கால் சுளுக்கில் பெரும்பாலும் அடிபடுவது இந்த மூட்டு நார்தான். அது பிசகி வேறிடம் போவதில்லை. நீண்டோ கிழிந்தோ போகிறது. கிழிந்த துணியை இழுத்தால் ஒட்டிக்கொள்ளுமா? எது அடிபட்டது என்று சரியான பெயர் சொல்லத் தெரிந்தால், என்ன செய்யக்கூடாது என்பதும் விளங்கிவிடும்.

எப்போது மசாஜ் கூடாது?

இந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புத்தகப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

• அடிபட்ட முதல் 2, 3 நாள்கள்: உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். தேய்த்தால் கசிவும் வீக்கமும் கூடும். ஓய்வு கொடுங்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். மீள்துணிக் கட்டுப் போட்டுக் காலை உயர்த்தி வையுங்கள்.

• நான்கு அடி நடக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் எலும்பின் பின் விளிம்பையோ முனையையோ தொட்டாலே வலித்தால்: எக்ஸ்ரே தேவை. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிமுறை இது. என்னைப் பார்த்த டாக்டரும் முதலில் கேட்டது, "நாலு அடி நடக்க முடிந்ததா?" என்றுதான்.

• காற்பந்தில் தொடையில் பலமாக இடி வாங்கியிருந்தால்: கன்றிய தசையை உடனே அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடும். சில வேளைகளில் அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு உருவாகும் அபாயமும் உண்டு.

• காய்ச்சலோடு உடம்பு வலி: நம் நாட்டில் டெங்கியை மறக்கவே கூடாது. டெங்கியில் இரத்தத் தட்டுகள் குறைந்து, எளிதில் இரத்தம் கசியும். உடம்பைப் பிடித்துவிடுவதற்கு முன் கிளினிக்குக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

• ஒரு கால் மட்டும் காரணமின்றி வீங்கி, சூடாகி, வலித்தால்: இரத்தக் கட்டி இருக்கலாம். தேய்த்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம்.

• மரத்துப்போதல், ஊசி குத்தல், பலமிழப்பு, புண், தோல் தொற்று: இவற்றுக்கும் முதலில் மருத்துவர்தான்.

யாரிடம் போவது?

நம் நாட்டில் பாரம்பரிய முறைகளும் மருத்துவமனைக்குள் வந்துவிட்டன. பினாங்கு, கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாரம்பரிய, நிரப்பு மருத்துவப் பிரிவுதான் அரசு மருத்துவமனைகளில் முதலாவது. நாள்பட்ட வலிக்கும், பக்கவாதத்துக்குப் பிறகான மறுவாழ்வுக்கும் மலாய் பாரம்பரிய மசாஜ் இத்தகைய பிரிவுகளில் தரப்படுகிறது. 2016ஆம் ஆண்டில் இத்துறைக்கென்றே ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. விளையாட்டுக் காயத்துக்கு முதலில் மருத்துவர், அவர் சொன்னால் பிசியோதெரபிஸ்ட் என்ற வரிசையில் போவது நல்லது.

நல்ல நிபுணர் கையை வைப்பதற்கு முன் கேள்வி கேட்பார். எங்கே வலி, எப்போது அடிபட்டது, வேறு நோய் உண்டா என்று விசாரிப்பார். எந்த இடத்தைத் தொடப் போகிறார், ஏன் என்று விளக்குவார். பெற்றோர் உடனிருப்பதைத் தடுக்க மாட்டார். இன்னொன்றையும் ஓர் ஆசிரியையாகச் சொல்கிறேன். அது உங்கள் உடம்பு. வலி தாங்கவில்லை என்றாலோ, தொடும் விதம் பிடிக்கவில்லை என்றாலோ, "நிறுத்துங்கள்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சொன்ன உடனே நிறுத்த வேண்டும். நிறுத்தாதவரிடமிருந்து எழுந்து வந்து, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் ஓர் ஆராய்வு

காயம் எதுவும் இல்லாத நாளில் இதைச் செய்து பாருங்கள். சுவரைப் பார்த்து நின்று, ஒரு காலின் பெருவிரலைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். குதிகால் எழும்பாமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடுங்கள். தொட முடிந்தால் பாதத்தை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்துங்கள். குதிகால் எழும்பாமல் முழங்கால் சுவரைத் தொடும் அதிகபட்சத் தூரத்தைச் செண்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள். இரு கால்களுக்கும் அளவு வேண்டும்.

பிறகு ஒரு காலின் கெண்டைத் தசையை மட்டும் 5 நிமிடம் இதமாக நீவுங்கள். இரு கால்களையும் மறுபடி அளந்து பாருங்கள். அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை அளந்து பாருங்கள். மசாஜ் செய்வதும் செய்யாததும் தற்சார்பு மாறி. தூரம் சார்பு மாறி. கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை என்று நீங்களே எழுதுங்கள். அளப்பவருக்கு எந்தக் கால் நீவப்பட்டது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் சிறப்பு. ஏன் என்று யோசியுங்கள். எதிர்பார்த்த விடை வராவிட்டாலும் வந்ததை அப்படியே எழுதுங்கள், அதுதான் அறிவியல்.

அடுத்த குறுக்கோட்டத்துக்கு மறுநாள் தொடை வலித்தால் பயப்பட வேண்டாம். மெதுவாக நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், விருப்பமிருந்தால் இதமாகப் பிடித்துவிடச் சொல்லுங்கள். ஆனால், கால் மடங்கி விழுந்து, பாட்டி எண்ணெயைச் சூடாக்கத் தொடங்கினால், அவர் மனம் நோகாதபடி இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "பாட்டி, முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வருவோம். எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லட்டும். அப்புறம் டாக்டர் சரி என்றால், நீங்களே பிடித்துவிடுங்கள்."

13 வயதில் எனக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு இப்போது தெரியும்.